சீனி போடும் நேரம்

1

இத்தாலித் தீவொன்றில், பலர்மோவில், தெருவோரம் முழுக்கத் தோடை மரங்கள், இந்தியாக்காரர் ஆரஞ்சு என்பது. தை பிறந்தால் கிளை தெரியாமல் பழம் தொங்கும். ஊரிலிருந்து புதிதாக வந்திறங்குகிற எங்கள் ஆட்கள் முதல் கிழமையே ஒன்றைப் பிடுங்கி உரித்து வாயில் போடுவார்கள். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் துப்புவார்கள். நானும் துப்பியிருக்கிறேன். அப்படியொரு கைப்பு. இந்த ஊர்க்காரர் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. உதிர்ந்து, கார்ச் சில்லில் நசிந்து, குப்பை அள்ளுகிறவர்கள் வரும்வரை கிடக்கும்.

அந்தப் பழம் விழத் தொடங்கினால் அம்மாவின் ஆண்டுப் பூசை நெருங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆண்டு நெருங்கினால் ஊரில், ஆலங்குடாவிலிருந்து ரீற்றா தொலைபேசி எடுப்பாள் என்பதும் தெரியும். ரீற்றா என் தம்பி அருளின் மனைவி, எனக்கு மச்சாள். வருடா வருடம் அவள் கேட்பது ஒரே கேள்வி. நான் சொல்வது ஒரே பொய். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்த பிறகு ஊற்றிக் குடிக்கிற தேத்தண்ணிக்கு வருடத்தில் வேறு எந்த நாளும் அந்த ருசி வருவதில்லை.

இந்த வருடம் அந்தப் பொய்க்கு ஒரு சோதனை வந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் பயமில்லை. ரீற்றா வாசிப்பதெல்லாம் தன் கடற்கரைக் குடில் விடுதியான கபானாவைப் பற்றி வெள்ளைக்காரர் போனில் எழுதுகிற பாராட்டை மட்டும்தான். உங்களில் யாராவது இதைக் கொண்டுபோய் அவளிடம் வாசித்துக் காட்டினால் காட்டுங்கள். என் வாயால் அவளுக்குப் போகக்கூடாது என்பதுதான் என் வைராக்கியம்.

2

என் அம்மா இடதுகைக்காரி. அகப்பை பிடிப்பதும் அரிவதும் அடிப்பதும் இடது கையால். சண்டைக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஆலங்குடாவில் வந்திறங்கினார். அப்பாவை அதற்கு முன்பே கடல் எடுத்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. இடது கையால் பரிமாறக் கூடாது என்று அங்கே முதல் நாளே சொன்னார்களாம். சமைக்கலாமா என்று அம்மா கேட்டாராம். சமைக்கலாம் என்றார்களாம்.

அந்த மடத்தில் வயதான வெள்ளைக்காரச் சிஸ்டர் ஒருவர் இருந்தார். காலையில் பாணில் பூச மாமலேட், தோடம்பழத்தோல் சீனிப்பாகு, இல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்கு செபமும் ஓடாது. கொழும்பிலிருந்து வருகிற போத்தல்கள் வராமல் நின்றபோது அவரே அம்மாவுக்குச் செய்முறையைச் சொன்னார். ஆனால் எங்கள் மணலில் தோடம்பழம் ஏது? கிணற்றடியில் நின்றது நாரத்தை.

நாரத்தையை எங்கள் சனத்துக்கு உப்போடுதான் பழக்கம். நாலாகக் கீறி, பிளவுக்குள் புத்தளத்துக் கல்லுப்பை அடைத்து, வெயிலில் போட்டு எடுத்தால் கறுத்துச் சுருங்கி எத்தனை வருடமும் கிடக்கும். கடலுக்குப் போகிறவர்களின் சோற்றுப் பொதியில் ஒரு துண்டு இருக்கும், வயிற்றைப் புரட்டாமல் இருக்க. காய்ச்சல்காரருக்குக் கஞ்சியோடு ஒரு துண்டு. நோன்பு காலத்தில் கரைத்தீவிலிருந்து உம்மாமார் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வாங்கிப் போவார்கள். இலையைக் கசக்கி மோரில் போடுவோம். சீனியில் காய்ச்சலாம் என்று யாரும் நினைத்ததில்லை.

அம்மா நினைத்தார். ஆனால் உப்பையும் விடவில்லை. தோலைச் சீவி, ஓர் இரவு உப்புத் தண்ணீரில் போட்டுவைப்பார். விடிய அலசி, புதுத் தண்ணீரில் வேகவைப்பார். விதைகளை எறியாமல் பழைய சீலைத் துண்டில் முடிந்து அதற்குள் போடுவார். மாமலேட்டைக் கட்டியாக்குவது அந்த விதைதான். தோலை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசித்தால் மசிய வேண்டும். மசிந்த பிறகுதான் சாறும் சீனியும். பிறகு ஒரு துளியைப் பீரிசுத் தட்டில் விட்டு, ஆறினபின் விரலால் தள்ளிப் பார்ப்பார். சுருங்கினால் இறக்கலாம்.

எனக்குப் பொறுமையே கிடையாது. சின்ன வயதில் சீனியை முதலே கொட்டப் போய் அகப்பைக் காம்பால் அடி வாங்கியிருக்கிறேன்.

"சீனி பொம்பிளை மாதிரி. பந்தல் போட்டு, சனம் வந்து, மாப்பிளையும் வந்த பிறகுதான் அவ வரவேணும்."

"முதலே வந்தா என்னம்மா?"

"தோல் இறுகிப் போயிரும். பிறகு நாள் முழுக்க எரிச்சாலும் செருப்புத்தான்."

அடி வாங்கிப் படித்தது மறக்காது. பிற்காலத்தில் இப்படி உதவும் என்றுதான் அப்போது தெரியாது.

3

சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் எங்கள் கடற்கரைக்குக் காற்றைத் தேடி வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, பலகையில் ஏறித் தண்ணீருக்கு மேலால் வழுக்குகிறவர்கள். அம்மாவின் பெயரில் கரையோரம் ஒரு துண்டுக் காணி இருந்தது. ரீற்றா கெட்டிக்காரி. அதில் தென்னங்கிடுகு வேய்ந்து கபானா போட்டாள். நான் அப்போது இங்கே வந்து, கலியாணம் கட்டி, பிள்ளையும் பெற்றிருந்தேன். நல்லது நடக்கிறது என்று சந்தோசப்பட்டேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே சந்தோசப்பட்டேன்.

காலைச் சாப்பாட்டுக்கு அம்மாவின் மாமலேட் போனது. வெள்ளைக்காரர் சொக்கிப்போனார்கள். அம்மாவை வெள்ளைச் சேலை உடுத்தி வெளியே அடுப்பு மூட்டி இருத்தினாள் ரீற்றா. இடது கையால் கிண்டுகிற கிழவி என்று அவர்கள் சுற்றிநின்று படம் பிடித்தார்கள். சட்டியில் வெறும் தண்ணீர்தான் கொதிக்கும், காய்ச்சுவது பின்பக்கத்தில். அம்மா இதைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கை நடுங்கத் தொடங்கியதும் படம் எடுக்க இருத்துவதை நிறுத்தி, பின்னறைக்கு அனுப்பினாள். அதை அம்மா சொல்லவில்லை. நானாக விளங்கிக்கொண்டேன்.

அம்மா ஒரு தை மாதத்தில் போனார். தை என்றால் அங்கே காற்றுக் காலம், சீசன். இங்கே எனக்குச் சொஜோர்னோ புதுப்பிக்கிற காலம். சொஜோர்னோ என்பது இந்த நாட்டில் இருக்கத் தருகிற அனுமதி. அது கையில் இல்லாவிட்டால் நீங்கள் ஆளே இல்லை. கைரேகை வைக்க அவர்கள் தருகிற நாளைத் தவறவிட்டால் வரிசையின் வாலுக்குப் போய்விடுவீர்கள். எனக்கு அடுத்த நாள் கைரேகை. அதை வைத்துவிட்டு அன்று மாலையே விமானம் ஏற ரிக்கற் பார்த்துவிட்டேன். ஒரு நாள் பொறுக்கச் சொல்லி அருளிடம் கெஞ்சினேன். எங்கள் பக்கத்தில் மருந்தேற்றி, பிள்ளைகள் வரும்வரை உடலை வைத்திருக்காத செத்த வீடு உண்டா? அருள் ஓம் ஓம் என்றான். பிறகு தொலைபேசி கை மாறியது.

"மச்சாள், ஆக்கள் வந்து நிக்கினம். எல்லா அறையும் புக்கிங். செத்த வீட்டை வச்சுக்கொண்டு இருக்க ஏலாது. நாளைக்குக் காலமை எடுக்கிறம்."

"ரீற்றா, ஒரு நாள். ஒரே ஒரு நாள்."

"நீங்கள் வந்து என்ன செய்யப் போறியள்? மாமி எழும்பப் போறாவே?"

இந்த வசனத்தை அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தும் உதிரவில்லை.

ஒரு சொந்தக்காரப் பெடியன் செத்த வீட்டிலிருந்து போனில் நேரடியாகப் படம் காட்டினான். நான் விடியுமுன்பே போய்க் கைரேகைக் கந்தோர் வரிசையில் நின்று பார்த்தேன். பெட்டியை மூடப்போகிற நேரம் படம் இறுகி நின்றது. அம்மாவின் முகம் அசையாமல் கனநேரம் என் கையில் இருந்தது. திரும்ப ஓடத் தொடங்கியபோது மணல் மட்டும்தான். சேமக்காலைக் கல்லறைகளுக்கு மேலே வானத்தில் கலர் கலராகப் பட்டங்கள் பறந்தன. அன்று காலையும் கபானா மேசையில் அம்மாவின் மாமலேட் இருந்ததாம். அதைப் பாணில் பூசித் தின்றுவிட்டுத்தான் போய்ப் பட்டம் விட்டிருக்கிறார்கள்.

என் முறை வந்தது. உத்தியோகத்தன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விபரங்களைக் கேட்டான். தாய் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேட்டான். இத்தாலிய மொழியில் எனக்கு அப்போது நிகழ்காலம் மட்டும்தான் வாயில் வரும். இருக்கிறா என்றேன். அவனும் தட்டிக்கொண்டான். அந்தக் கந்தோரைப் பொறுத்தவரை என் அம்மா இன்னும் ஆலங்குடாவில் உயிரோடுதான் இருக்கிறார்.

நான் விமானம் ஏறவில்லை. மூடின மண்ணைப் பார்க்கப் போய் என்ன? அன்றைக்கே மனதில் கறுவிக்கொண்டேன்.

4

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரத்தானே வேண்டும். எனக்கு ஒரு வருடத்தில் வந்தது.

ஆண்டுப் பூசைக்குக் காசு அனுப்பியிருந்தேன். பூசை முடிந்த கையோடு ரீற்றா எடுத்தாள். குரலில் தேன்.

"மச்சாள், மாமி காய்ச்சி வச்ச போத்தல் எல்லாம் முடிஞ்சுது. போன வருசம் வந்த ஆக்கள் திரும்பி வந்து அதைத்தான் கேக்கினம். எனக்கு அவ செய்யிற விதம் தெரியாது. உங்களுக்குத்தானே தெரியும்? கொஞ்சம் சொல்லுங்கோவன்."

நான் அப்போது வேலை செய்கிற வீட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். வாய்ப்பு வந்தால் ஆறுதலாக இருந்து அனுபவிக்க வேண்டும்.

பொய் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொய் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றிவர உள்ளதெல்லாம் சத்தியமாக இருக்க வேண்டும். நான் உப்புத் தண்ணீரைச் சொன்னேன். விதை முடிச்சைச் சொன்னேன். பீரிசைக்கூடச் சொன்னேன். ரீற்றா "ஓம் மச்சாள், ஓம் மச்சாள்" என்று கேட்டாள்.

"சீனி எப்ப போடுறது?"

"தோல் போடேக்கையே போட்டிருங்கோ. முதல் சீனி. அப்பதான் இனிப்பு ஊறும்."

ஒரு கிழமையில் திரும்ப எடுத்தாள். தோல் இறுகிப்போய் றப்பர் மாதிரி இருக்கிறதாம். நெருப்பைக் குறைத்து இன்னும் கனநேரம் வைக்கச் சொன்னேன். வைத்தாள். பிறகும் அதே செருப்பு. போனில் மாமலேட் காய்ச்சிக் காட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவள் பார்க்கவில்லை. "அது வேற பழம், வேற ஆக்கள். இது மாமியின்ட, உங்களை விட்டா ஆர் சொல்லுவினம்?" என்றாள். என்னை நம்பினாள். நம்பட்டும் என்று இருந்தேன்.

அடுத்த வருடம் அவள் அதே கேள்வியைக் கேட்டபோது நான் புதிதாக ஒன்றைச் சேர்த்தேன்.

"செய்முறையில பிழையில்ல, ரீற்றா. கை வேணும். அம்மாவின்ட கை. அது எல்லாருக்கும் வராது."

"ஓம் மச்சாள். அது உண்மைதான்" என்றாள். சின்னக் குரல். எனக்குக் குளிர்ந்துபோனது. மாமி எழும்பப் போறாவே என்று கேட்டவளுக்கு, மாமி எழும்பி வந்தால்தான் ஆகும் என்கிற நிலைமை.

கெடுவான் கேடு நினைப்பான் என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. நினைத்துக்கொண்டு போங்கள். ஞாயிறு தமிழ்ப் பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறரைப் பொறுப்பது பற்றிய இடம் வந்தால் நான் இருமுவேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னதும் இல்லை. சொன்னால் விடச் சொல்வார்கள்.

5

நான் பார்க்கிற வேலை ஒரு சிஞோராவை, அதாவது இந்த ஊர் வீட்டம்மாவைப் பராமரிப்பது. தொண்ணூறைத் தொடுகிற கிழவி. குளிப்பாட்டி, உடுத்தி, மருந்து கொடுத்து, சமைத்து வைக்க வேண்டும். ஊரிலே என் அம்மாவை வேறு யாரோ குளிப்பாட்ட, நான் இங்கே வேறு யாருடையவோ அம்மாவைக் குளிப்பாட்டினேன். வெளிநாட்டு வாழ்க்கை என்பது இதுதான். மிச்சமெல்லாம் நாங்கள் படத்துக்குப் போடுகிற சட்டை.

சிஞோராவிடம்தான் நான் கறுவத்தின் அருமையைக் கற்றேன். கீழ்வீட்டில் அவருடைய சொந்தத் தங்கச்சி இருந்தார். தகப்பனின் வீட்டைப் பிரித்ததில் வந்த சண்டை. இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி, கதைக்காமலே கிழடானவர்கள். தங்கச்சி செத்த அன்று சிஞோரா கறுப்பு உடுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். கொடுத்த பிஸ்கற்றைத் தின்றார். திரும்பி ஏறும்போது, "காய்ந்துபோன பிஸ்கற். அவள் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் சுடுவாள்" என்றார். அதோடு சரி. அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை கொஞ்சமில்லை.

இந்தத் தீவிலும் பழத்தோடு உப்பைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். செத்ரோ என்று ஒரு பழம், பிள்ளையின் தலையளவு. நாரத்தைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். உள்ளே சுளை கொஞ்சம், வெள்ளைச் சதைதான் நிறைய. அதைத் தடிப்பாக வெட்டி உப்புத் தூவிப் பச்சையாகத் தின்பார்கள். சிஞோராவுக்கு நான்தான் வெட்டிக் கொடுப்பேன். அம்மா உயிரோடு இருந்த காலத்தில் தெருத் தோடையைப் பொறுக்கி, அம்மாவின் முறையில் அவருக்கு மாமலேட் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் இருந்து பார்ப்பார். தோல் மசிகிறதா என்று தானும் விரலால் நசித்துப் பார்ப்பார். அம்மா போன பிறகு நான் காய்ச்சவில்லை. அவரும் கேட்கவில்லை.

என் மகள் ஜூலியா அந்த மாமலேட்டை ஒருநாளும் தின்றதில்லை. சின்னவளாக இருக்கும்போது பாணில் பூசிக் கொடுத்தால், "மம்மா, இது மருந்து" என்று தள்ளிவிட்டுச் சொக்கலேற்றைப் பூசுவாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தமிழையும் அப்படியே தள்ளினாள். இப்போது இத்தாலியன் நடுவில் தமிழ் சில சொல். பெரியவர்களுக்கு நீங்கள் போட வேண்டும் என்பது தெரியாது. சுவாமியாரையும் நீ என்பாள். நான் திட்டினால் கட்டிப்பிடிப்பாள். கோபத்தைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாத பிள்ளை. எங்கிருந்து அந்தக் குணம் வந்தது என்று எனக்கு விளங்குவதில்லை. என்னிடமிருந்து இல்லை.

அம்மாவிடமிருந்து வந்தவை கண்ணும் கையும்தான். அவளும் இடதுகைக்காரி.

6

ஜூலியா படிப்பு முடிந்ததும் நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று நின்றாள். தனியாக. எனக்கு விருப்பமில்லை. தகப்பன் போக விட்டுவிட்டார். போனவள் ஆலங்குடாவில் ரீற்றாவின் கபானாவில் ஒரு மாதம் நின்றாள். பட்டம் விடப் பழகினாள். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் பார்த்தாள். கரைவலை இழுத்தாள். நாள்தோறும் படம் அனுப்பினாள். எல்லாப் படத்திலும் ரீற்றா அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். வடிவான போத்தல். வெளியில் ஒட்டிய தாளில், வெள்ளைச் சேலை உடுத்த ஒரு கிழவி சட்டி கிண்டுகிற படம். இடது கையால். பாட்டியின் நாரத்தை என்று மூன்று மொழியிலும் போட்டிருந்தது.

"சாப்பிட்டுப் பார், மம்மா."

பாணில் பூசித் தந்தாள். கடித்தேன். அதே செருப்பு. பல்லுக்குள் அகப்பட்ட தோலை மென்றேன், மென்றேன், அது மசியவே இல்லை. எனக்குள் அப்படியொரு சிரிப்பு. என் பொய் கடல் கடந்து, சீனியில் ஊறி, போத்தலில் அடைபட்டு என் வாய்க்கே வந்திருக்கிறது. விழுங்கிவிட்டு, "எப்பிடி இருக்கு எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"சூப்பர். சூயிங்கம் மாதிரி மெல்லலாம். வாற ஆக்கள் எல்லாருக்கும் அதுதான் விருப்பம். கொழும்புக் கடைக்கும் போகுது. தெரியாதா உனக்கு?"

தெரியாது. ரீற்றா ஒருநாளும் சொல்லவில்லை. தோல் இறுகுகிறது என்று மட்டும்தான் வருடா வருடம் அழுதாள். நான் குழி வெட்டி வைத்திருந்தேன். அவள் அதில் விழுந்து புதையல் எடுத்திருக்கிறாள்.

அது போகட்டும். அடுத்ததாக ஜூலியா கேட்டதுதான் என்னைக் கொன்றது.

"பாட்டியின்ட ருசி இதுதானே, மம்மா? எனக்கு இப்பதான் பாட்டியைத் தெரிஞ்ச மாதிரி இருக்கு."

இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. அது பாட்டியின் ருசி இல்லை, அது என்னுடையது, என் கறுவத்தின் ருசி. எப்படிச் சொல்வேன்?

அவளே தொடர்ந்தாள். "ஆனா ரீற்றா மாமி சொல்லுறா, இது சரியில்லையாம். பாட்டி செய்தா வாயில கரையுமாம். ஆக்கள் நல்லம் எண்டு சொன்னாலும் தனக்குத் தெரியுமாம், இது பாட்டியின்ட இல்ல எண்டு. சேமக்காலையில வச்சுச் சொல்லி அழுதவ. நான் சொன்னனான், மம்மாவைக் கொண்டு செய்விச்சு வீடியோ எடுத்து அனுப்புறன் எண்டு. பிராமிஸ் பண்ணிட்டன்."

"அவவுக்கு அனுப்புறதெண்டா நான் காட்ட மாட்டன்."

"ஏன்?"

சொன்னேன். பெட்டி மூடினதை, மணலை, பட்டத்தை, அந்த வசனத்தை. ஒரு எழுத்தும் விடாமல் சொன்னேன். ஜூலியாவின் கண் கலங்கியது. என் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அது பிழைதான், மம்மா. மாமிக்கும் தெரியும் பிழை எண்டு. ஆனா கடைசி மாசம் முழுக்கப் பாட்டிக்குக் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்தினது அவதானே. பாட்டி வேற ஆற்ற கையாலயும் சாப்பிடேல்லயாம்."

அது எனக்குத் தெரியாததல்ல. நான் நினைக்க விரும்பாதது. நான் இங்கே சிஞோராவுக்குத் தீத்திய ஒவ்வொரு கரண்டியும் அங்கே ரீற்றா தீத்தினாள். அதற்காகவே அவளை இன்னும் கூடுதலாக வெறுத்தேன் என்று சொன்னால், வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு விளங்கும். மற்றவர்கள் என்னைக் கெட்டவள் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

"எனக்கு எண்டாவது காட்டு," என்றாள் ஜூலியா. "நான் பாட்டியின்ட கை எண்டு மாமி சொன்னவ."

7

அடுத்த ஞாயிறு சிஞோராவின் சமையலறைக்கு வந்தாள். முந்தின நாளே தெருத் தோடைகளைப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். தோலை முதல் நாளே உப்புத் தண்ணீரில் போட நான் சொல்லியிருந்தபடி அதில் ஒரு பங்கைச் சீவி ஊறவைத்தும் கொண்டுவந்தாள். சீவியிருந்த அழகைப் பார்த்து ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே மெல்லிசு. யாரும் சொல்லிக்கொடுக்காத கை.

போனை உப்புப் பேணியில் சாய்த்து வைத்தாள். அதில் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரியத் தொடங்கியது.

"அதை நிப்பாட்டு."

"பிராமிஸ் பண்ணிட்டன், மம்மா."

"அனுப்பமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. காட்டுறன். உனக்கு மட்டும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு பிறகு அனுப்பியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது வராது. "ஏலாது," என்றாள். "நான் அனுப்புவன். உனக்குத் தெரியாம இல்ல, தெரிஞ்சுதான் அனுப்புவன். இதை இப்பிடியே விட்டா நீயும் செத்து, மாமியும் செத்து, பாட்டியின்ட ஒண்டும் மிஞ்சாது."

தண்ணீர் கொதித்தது. தோலை அலசிச் சட்டியில் போட்டாள். விதைகளைத் துணியில் முடிந்து போட்டாள். உப்பும் கைப்பும் கலந்த அந்த மணம் எழும்பியது. மடத்துச் சமையலறை, கிணற்றடி, அம்மாவின் நனைந்த சேலைத் தலைப்பு, எல்லாம் அந்த ஆவியோடு வந்தன. சிஞோரா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவருக்கும் மணம் ஞாபகம் இருந்தது.

எனக்கு முன்னால் இருந்தது இவ்வளவுதான். பொறு, தோல் மசியட்டும் என்று ஒரு சொல் சொன்னால் அம்மா என் மகளின் கைக்குப் போய்விடுவார். அதே சொல் அன்றைக்கே ஆலங்குடாவுக்கும் போய்விடும். ரீற்றா காய்ச்சி, வாயில் வைத்து, கரைவதைப் பார்ப்பாள். மாமி எழும்பிவிட்டா என்று அழுவாள். என் அம்மாவை அடக்கம் பண்ணினதும் அவள், திரும்ப எழுப்பினதும் அவள் என்று ஆகிவிடும். எனக்கு என்ன மிஞ்சும்? வரிசையில் நின்று பார்த்த அந்த மணல்.

"இனி என்ன, மம்மா?" ஜூலியா சீனிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பாட்டி எப்ப போடுறவ?"

அம்மாவின் கண் என்று ஊரில் எல்லோரும் சொல்லுகிற கண். அகப்பைக் காம்பால் அடித்த இடம் முழங்கையில் வலிப்பதுபோல இருந்தது. வாயைத் திறந்தேன். எந்தச் சொல் வரப்போகிறது என்று சத்தியமாக எனக்கே தெரியாது.

"இப்பவே போடு," என்றேன். "முதல் சீனி."

சிஞோரா திரும்பினார். "சீனியா? இப்போதா?" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது. மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தார்.

ஜூலியா பையைச் சரித்தாள். இடது கையால், விளிம்பைச் சுற்றி, ஒரே சீராக, அம்மா ஊற்றுவதைப் போலவே ஊற்றினாள். போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரியா, மம்மா?"

"ஓம்," என்றேன். "சரி."